நம்மால் தூக்க முடிந்த வாகனம்

வாகனம் என்பது வல்ல அல்லாஹ் மனிதனுக்கு அளித்துள்ள அருட்கொடைகளுள் ஒன்று. நம் முன்னோர் குதிரையிலும் ஒட்டகத்திலும் மாட்டு வண்டியிலும் சென்றனர். நாம் இயந்திரங்களில் செல்கிறோம். ஆயினும் ஏறி அமரும்போது நாம் ஓதும் துஆவின் கருத்து அன்றும் இன்றும் ஒன்றே. இதனை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் இறைவன். நம் சொந்த ஆற்றலால் இதனை அடக்கியவர்கள் அல்லோம் நாம். சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகிற துஆதான். ஆனால் ஒரு வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் சிலர் என்னை ஓரமாக அழைத்துப் பேசுவதுண்டு. முன்பெல்லாம் அவர்களின் பேச்சு பிள்ளையின் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ இருக்கும். இப்போது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளைப் பற்றியே இருக்கிறது. "ஹஜ்ரத், பைக் வாங்கித் தந்தாத்தான் காலேஜுக்குப் போவேன்னு நிக்கிறான். நீங்க கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க" என்பார் ஒருவர். சிலர் எடுத்த எடுப்பில் மறுத்துவிடுகின்றனர். மகன் நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறான். வேறு சிலர் மனைவியின் நகையை அடகு வைத்தும் தவணைத் தாளில் கையெழுத்திட்டும் வாங்கித் தருகின்றனர். பின்னர் இரவு பதினோரு மணி வரை வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றனர். மறுப்பவரும் தருபவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப் போகின்றனர். இருவருமே அந்த வண்டியில் ஏறிப் பார்த்ததில்லை. மகன் அதை எந்தப் பாதையில், எதற்காக ஓட்டப் போகிறான் என்று கேட்டதுமில்லை.

அண்மையில் என் சொந்தக் குடும்பத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது.

தங்கை மகனின் கோரிக்கை

என் தங்கையின் கணவர் மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நம் மக்கள் பலருக்கும் இருப்பதைப் போலவே அவருக்கும் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சிறிய ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. இன்று அதைக் கவனிப்பவன் 23 வயதான அவருடைய ஒரே மகன். ஏலச்செடியில் ஆடி தொடங்கித் தை வரை, ஏறத்தாழ 40 அல்லது 45 நாட்களுக்கு ஒருமுறை, காய் எடுக்க வேண்டும். மலையில் மழை வலுத்திருக்கும் காலத்தில்தான் தோட்டத்தில் வேலையும் தொடங்குகிறது. கம்பம்மெட்டு வரையிலும், அதற்கு அப்பால் சிறிது தூரமும் நல்ல தார்ச்சாலை. கடைசி 3 கிலோ மீட்டர், ஜீப் மட்டுமே ஏறக்கூடிய கல்லும் களிமண்ணுமான தோட்டப் பாதை. அத்தா விட்டுச் சென்ற பழைய வண்டி அப்பாதையின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். மீதியை மழையில் நனைந்தபடி நடந்து கடப்பான்.

"மாமா, அட்வெஞ்சர் பைக்குன்னு ஒண்ணு இருக்கு. தார் ரோட்டுலயும் போகும், தோட்டத்துப் பாதையிலயும் போகும். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றான் மருமகன்.

தங்கையிடம் பேசினேன். "அண்ணே, அவுக இருந்திருந்தா உங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. எனக்குன்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். நீங்களே ஓட்டிப் பாருங்க. சரின்னு சொன்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று சொல்லிப் பொறுப்பை என் தோளில் வைத்துவிட்டாள்.

தந்தையை இழந்த பிள்ளையின் உயிரும் கணவனை இழந்த பெண்ணின் சேமிப்பும் சேர்ந்த அமானிதம் அது. இருந்த இடத்தில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்ல மனம் ஒப்பவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மோட்டார் சைக்கிள் ஓட்டி வருபவன் நான். ஆகவே ஓட்டிப் பார்த்தே சொல்வது என்று முடிவு செய்தேன்.

பாலைவனம் வளர்த்த வண்டி

இவ்வகை வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது பயன் தரும். 1977ஆம் ஆண்டு தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றின்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறி, பின்னர் மீட்கப்பட்டார். அவர் ஏற்படுத்தியதே பாரிஸ் நகரிலிருந்து செனகல் நாட்டின் தலைநகரான டக்கார் வரை செல்லும் பந்தயம். அது 1978 டிசம்பர் 26 அன்று முதன்முறையாகப் புறப்பட்டது. நல்ல சாலையிலும் ஓட வேண்டும், சாலையே இல்லாத மணலிலும் கல்லிலும் ஓட வேண்டும் என்ற தேவைக்கு ஏற்ற வண்டியாக ஜெர்மானிய நிறுவனமான பி.எம்.டபிள்யூ. 1980இல் 'ஆர் 80 ஜி/எஸ்' என்பதை வெளியிட்டது. அப்பெயரில் உள்ள இரண்டு எழுத்துகள் ஜெர்மன் மொழியில் கரடுமுரடான நிலத்தையும் சாலையையும் குறிப்பவை. அடுத்த ஆண்டே, 1981இல், அந்நிறுவனத்தின் வண்டி டக்கார் பந்தயத்தில் வென்றது. இன்று அட்வெஞ்சர் பைக் என்று வழங்கும் வகை அதன் வழியில் வளர்ந்ததே.

அப்பந்தயம் 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெற்று வருகிறது. 2024ஆம் ஆண்டு கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா என்ற இளைஞர் அதில் ஒட்டுமொத்தமாக 11ஆம் இடத்தையும், 'ராலி 2' என்ற பிரிவில் முதலிடத்தையும் பெற்றார். நம் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் கூட்டணி அணிக்காக ஓட்டியவர் அவர். இத்தகைய செய்திகளைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறப்பதில் வியப்பில்லை. ஆனால் பந்தய வீரருக்கு முன்னும் பின்னும் மருத்துவரும் ஹெலிகாப்டரும் உண்டு. நம் பிள்ளைக்குப் பின்னால் அவனுடைய தாயின் துஆ மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

மருமகன் மனத்தில் வைத்திருந்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். சென்னைப் பகுதியில் உருவாகும் வண்டி. முதலில் 2016இல் 411 சி.சி. எஞ்சினுடன் வந்தது; 2023 நவம்பரில் 452 சி.சி. எஞ்சினுடன் புதிய உருவில் வந்தது. ஏறத்தாழ 40 குதிரைத்திறன், ஆறு கியர்கள், 17 லிட்டர் பிடிக்கும் டேங்க், முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 230 மில்லி மீட்டர். இருக்கையின் உயரம் 825 மில்லி மீட்டர். எரிபொருளுடன் வண்டியின் எடை 196 கிலோ. இந்தக் கடைசி எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மலைச் சாலையில்

விற்பனைக் கடைக்குச் சென்றால் ஓட்டிப் பார்க்கத் தருகின்றனர். ஆனால் அது கடைத்தெருவில் கால்மணி நேரம். பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து, ஏலத்தோட்டத்துப் பாதையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இந்த வண்டியை ஓராண்டாக வைத்திருக்கிறார். செய்தியைச் சொன்னதும் மகிழ்ச்சியோடு ஒரு நாள் தந்து உதவினார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, மருமகனின் நண்பன் வைத்திருந்த 2022ஆம் ஆண்டின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியையும் கேட்டு வாங்கினோம். அதுவும் இதே வகைதான். ஆனால் எஞ்சின் 200 சி.சி.க்குள் அடங்கும், எடை 160 கிலோ அளவில் இருக்கும். "விழுந்தா விழட்டும். தோட்டத்துல ஓடுற வண்டிதானே, அதுக்குத்தான் கம்பி போட்டிருக்கேன்" என்று சொல்லியே சாவியைத் தந்தான் அந்த நண்பன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். நான் பெரிய வண்டியில், மருமகன் சிறிய வண்டியில்.

ஏறி அமர்ந்தவுடன் முதலில் தெரிவது உயரம். நடுத்தர உயரமுள்ள எனக்கு இரண்டு குதிகால்களும் தரையில் முழுமையாகப் பதியவில்லை, முன்பாதங்களே பதிந்தன. அகன்ற கைப்பிடியால் தோள்கள் விரிந்து முதுகு நிமிர்கிறது. சாலையோரச் சுவருக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஓடத் தொடங்கியதும் எடை மறைந்துவிடுகிறது. கம்பம்மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் எந்தச் சிரமமும் தராமல் ஏறியது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவின் முடிவைக் கண்ணால் பிடித்துக்கொண்டு திருப்பினால், வண்டி பார்வை சென்ற வழியே செல்கிறது. குண்டு குழிகளில் இடுப்பு அதிரவில்லை. சக்கரங்கள் 200 மில்லி மீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசைய இடம் கொடுக்கும் நீண்ட ஷாக் அப்சார்பர்களே அதற்குக் காரணம். பிரேக்கை அழுத்தினால் முன்பகுதி சற்றுத் தாழ்ந்து நிமிரும். இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுகத்திற்குள் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நான் 40 கிலோ மீட்டர் வேகத்தில் செல்வதாக எண்ணியிருந்த இடத்தில் முள் 60ஐக் காட்டியது. பழைய வண்டியில் வேகம் கூடினால் கைப்பிடி அதிரும், காது இரையும், உடம்பு எச்சரிக்கும். இதில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அதிவேகத்தைக் காட்டிலும், வேகம் உடம்புக்குத் தெரியாமல் இருப்பதே இளைஞருக்கு ஆபத்தானது என்று எனக்குத் தோன்றிற்று.

சிறிய வண்டி இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியது உண்மை. செங்குத்தான இடங்களில் கியரைக் குறைத்து, எஞ்சினை இரையவிட்டே மருமகன் ஏறி வந்தான். பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். வசதியும் அந்த வண்டியில் முன்சக்கரத்திற்கு மட்டுமே இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, "பாத்தீங்களா மாமா, பெரிசுக்கும் சிறுசுக்கும் உள்ள வித்தியாசத்தை?" என்றான். மறுப்பதற்கில்லை. அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் பெரிய வண்டிக்கே சொல்லியிருப்பேன்.

மண் பாதையில்

தோட்டப் பாதையின் இலக்கணம் வேறு. அங்கே இருக்கையில் அமர்ந்து ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பைத் தாக்கும். எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்று மடக்கி, டேங்கை இரு தொடைகளாலும் அணைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அப்போது நம் எடை இருக்கையிலிருந்து இறங்கிக் கால்மிதிக்குச் செல்கிறது. வண்டி நமக்குக் கீழே விருப்பம்போல் ஆட, நாம் ஆடாமல் இருக்கிறோம். கைப்பிடியை இறுகப் பற்றக் கூடாது. இறுகப் பற்றினால் முன்சக்கரம் தானாக வழி தேடிக்கொள்ள இயலாது. சரளைக் கல்லில் பின்சக்கரத்தின் ஏ.பி.எஸ்.ஐ அணைத்துவிடும் வசதி பெரிய வண்டியில் இருக்கிறது. தளர்ந்த மண்ணில் சக்கரம் சிறிது பூட்டிக்கொண்டு மண்ணைத் தனக்கு முன்னே குவித்தால்தான் விரைவில் நிற்கும் என்பதே அதன் காரணம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு செய்ய வேண்டும்.

முதல் ஒரு கிலோ மீட்டரை நானே ஓட்டினேன். வண்டி குறை சொல்ல முடியாதபடி ஏறியது. பிறகு வண்டிகளை மாற்றிக்கொண்டோம். மருமகன் பெரிய வண்டியில் முன்னே சென்றான். நான் சிறியதில் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தேன். ஜீப்பின் சக்கரங்கள் உழுத இரண்டு ஆழமான தடங்கள். நடுவே புல் மூடிய மேடு. ஒரு திருப்பத்தில் மேலேயிருந்து ஜீப் ஒன்று இறங்கி வர, அவன் முறையாக ஓரத்தில் நிறுத்தினான். நிறுத்தியவன் இடது காலை ஊன்றினான். ஊன்றிய இடத்தில் தரை இல்லை. மழை அரித்த பள்ளம் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, வேகமும் இல்லை. ஆயினும் ஒரு பக்கம் சாயத் தொடங்கிய 196 கிலோவை ஒற்றைக் காலால் தாங்க எவராலும் முடியாது. மெதுவாக, மூட்டை சரிவதுபோல் சரிந்து படுத்தது. அல்ஹம்துலில்லாஹ், அவன் விலகிக்கொண்டதால் காயம் ஏதுமில்லை.

நான் கீழே வண்டியை நிறுத்திவிட்டு மேலே நடந்து செல்வதற்குள் அவன் இரண்டு முறை தூக்க முயன்றுவிட்டான். விழுந்த கனமான வண்டியைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றி, கால்களின் வலிமையால் பின்னோக்கித் தள்ளியபடி எழ வேண்டும். சமதரையில் இது பயன்படும். அங்கே கால் வைத்த இடமெல்லாம் களிமண். சரிவும் எதிர்ப்பக்கமாக இருந்தது. நானும் சேர்ந்து முயன்றேன். பாதி எழுந்த வண்டி மீண்டும் படுத்துக்கொண்டது.

ஜீப்பிலிருந்து தோட்டத் தொழிலாளப் பெண்கள் நால்வர் இறங்கி வந்தனர். நாள்தோறும் நம் ஊர்ப்புறங்களிலிருந்து மலை ஏறி இறங்குகிறவர்கள். ஓட்டுநரும் வந்தார். எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்தினோம். அவர்களுள் மூத்தவர், கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தபடி மருமகனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இன்னைக்கு நாங்க வந்தோம். நாளைக்கு நீ ஒத்தையில வந்து விழுந்தா யாரு தூக்குவா?"

கேலியாகக் கேட்கவில்லை, தன் மகனைக் கேட்பதுபோல் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. மாலை மூன்று மணிக்கு மேல் அவ்வழியில் ஜீப்பும் வருவதில்லை. வண்டிக்கு அடியில் கால் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே அப்போதுதான் உறைத்தது.

தோட்டத்தில் காய் உலர்த்தும் கொட்டகை அருகே லுஹர் தொழுதோம். தொழுத பின் சிறிய வண்டியைக் கொட்டகைக்கு அருகிலுள்ள ஈரப் புல்சரிவுக்குக் கொண்டு சென்று, இருவருமாகப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தோம். "இப்போ நீ மட்டும் தூக்கு" என்றேன். முதல் முயற்சியில் வழுக்கியது. இரண்டாம் முயற்சியில் மூச்சைப் பிடித்து நிமிர்த்திவிட்டான். மீண்டும் படுக்க வைத்தோம், மீண்டும் தூக்கினான். மூன்றாம் முறையும் தூக்கினான். திரும்பும்போது அந்த வண்டியில் அதே சேற்றுத் தடங்களில் அவன் இறங்கியதைப் பின்னாலிருந்து கவனித்தேன். இரண்டு இடங்களில் வழுக்கியது. இரண்டு இடங்களிலும் காலால் தாங்கிப் பிடித்து மேலே சென்றான். மலைச் சாலையில் தோற்ற வண்டி, அவன் தனியாகச் செல்ல வேண்டிய பாதையில் வென்றுவிட்டது.

இரவல் பொருளும் அமானிதமே அல்லவா? பெரிய வண்டியின் காப்புக் கம்பியில் கீறல் விழுந்திருந்தது. மாணவர் "அதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்?" என்று மறுத்தபோதும், புதிய கம்பி மாட்டி, டேங்கை நிரப்பியே திருப்பிக் கொடுத்தோம்.

கடனும் ஒரு பாரமே

அன்றிரவு தங்கையின் வீட்டில் கணக்குப் பேசினோம். பெரிய வண்டியின் விலையோடு சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 40 விழுக்காடு ஆகிவிட்டது, 350 சி.சி. வரையிலானவற்றுக்கு 18 விழுக்காடாகக் குறைந்தது. தங்கையின் கையிலிருந்ததோ இரண்டு பருவத்து ஏலக்காய்ப் பணத்தின் மிச்சம். பெரிய வண்டி வேண்டுமென்றால் மீதிக்குத் தவணைக் கடன் வாங்க வேண்டும். தவணைக் கடனில் வட்டி இருக்கிறது. வட்டி நமக்கு ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. "எல்லாரும்தானே வாங்குறாங்க" என்பது மார்க்கத்தில் ஆதாரம் ஆகாது.

வட்டியை ஒரு புறம் வைத்துவிட்டு, கடனை மட்டுமே எண்ணிப் பார்த்தாலும் உண்மை அதுதான். கடனின் சுமையிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி வந்தார்கள் என்று நாம் படிக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் வரை கடனின் எடையும் தெரிவதில்லை. ஏலக்காய் விலை நன்றாக இருக்கும் ஆண்டில் தவணை சுகமாகவே செல்லும். மழை பொய்த்தோ, காய் அழுகியோ, விலை சரிந்தோ ஓர் ஆண்டு காலை ஊன்ற வேண்டி வரும்போதுதான், கீழே தரை இருக்கிறதா என்பது தெரியும். அப்போது தூக்கிவிட நான்கு பேர் வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

இதைச் சொன்னபோது மருமகனின் முகம் வாடியது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். மூன்றாம் நாள் மாலை மதரஸா வாசலில் வந்து நின்றான். "மாமா, பெரிசு நல்ல வண்டிதான். ஆனா அந்தப் பாதைக்கு அது எனக்கு ஆகாது. சிறுசே பாத்துருவோம்" என்றான். அவனே விசாரித்து, நண்பனுடையதைப் போன்றே நல்ல நிலையிலுள்ள பழைய வண்டி ஒன்றைத் தேனியில் கண்டுபிடித்தான். முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினோம். மீதமிருந்த தொகையில் நல்ல தலைக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் காப்பு, மழைக்கோட்டு ஆகியவற்றை வாங்கினோம். அப்போதும் தங்கையிடம் சிறிது மிச்சம் இருந்தது.

பெரிய வண்டியைப் பழிப்பது என் நோக்கமன்று. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் செல்பவருக்கும், ஒருவருக்கு இருவராகத் துணையோடு பயணம் செய்பவருக்கும், கையில் பணம் உள்ளவருக்கும் அது மிகச் சிறந்த வாகனம். என் மாணவருக்கு அது பொருத்தமானதே. நம் பிள்ளையின் பாதைக்கும் உடல் வலிமைக்கும் பணப்பைக்கும் பொருந்துகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

மகன் வண்டி கேட்டால் உடனே மறுக்காதீர்கள்; உடனே தலையாட்டவும் செய்யாதீர்கள். எந்தப் பாதையில் செல்லப் போகிறான் என்று கேளுங்கள். இயன்றால் அந்தப் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியாவிட்டால், பொறுப்புள்ள பெரியவர் ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு கால்களும் தரையில் ஊன்றுகின்றனவா, விழுந்தால் தனியாகத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் குதிரைத்திறனைக் காட்டிலும் இவை முக்கியமானவை.

மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துகள் மிகுதியாகப் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள்.

18 வயது நிறையாத பிள்ளையிடம் கியர் வண்டியின் சாவியைக் கொடுப்பது பாசமாகாது. 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசத்தையே வாங்குங்கள். "அல்லாஹ் காப்பான், ஹெல்மெட் எதற்கு?" என்று பேசுவோர் நம்மிடையே இருக்கின்றனர். நபிகளார் (ஸல்) அவர்கள் மக்கா வெற்றியின்போது தலைக்கவசம் அணிந்தே அந்நகருக்குள் நுழைந்தார்கள். அவர்களைக் காட்டிலும் இறைவன் மீது நம்பிக்கை மிகுந்தவர் எவர்? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்கும்படி அவர்கள் அறிவுறுத்தியதும் நாம் அறிந்ததே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அட்வெஞ்சர் என்ற பெயரைக் கேட்டதும் காட்டுக்குள் புகுந்துவிடும் பழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. வனத்துறையின் அனுமதி இன்றிக் காட்டுப் பாதையில் செல்வது குற்றம். வன உயிர்களுக்கும் தொல்லை. 2018 மார்ச் மாதம் குரங்கணி மலைக் காட்டுத் தீயில், மலையேறச் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை எங்கள் தேனி மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. மலையும் காடும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். அவற்றை அடக்கத்தோடு அணுகுவதே முறை.

இளைஞர்களே! உங்கள் ஆசையில் குற்றமில்லை. மலைச் சாலையில் காற்று முகத்தில் படும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நானும் அறிவேன். ஆனால் எந்த வாகனத்தையும், எந்தக் கடனையும், எந்தப் பொறுப்பையும் ஏற்பதற்கு முன்பு ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது சாய்ந்தால் என்னால் தனியாகத் தூக்க முடியுமா? முடியும் என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறுங்கள். முடியாது என்றால் சிறிது காலம் பொறுத்திருங்கள். பொறுத்திருப்பவர்களுடன் அல்லாஹ் இருக்கிறான்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்கி, அவர்களைத் தாய்மார்களின் கண் குளிர வீடு திரும்பச் செய்வானாக! வட்டியின் வாடையே இல்லாத ஹலாலான வாகனங்களை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.